அப்பா எதை முதலில் தூக்கினார்

ஸ்வென்போர்க்
18 ஜனவரி 1976

கடலிலும் மூழ்காமல் கடனிலும் மூழ்காமல் மிதந்துகொண்டிருக்கும் அண்ணன் எஸ்கிலுக்கு,

நான் நலம். அப்பாவும் நலம். உன் நலத்தை அறிய ஆவல் என்று எழுத வேண்டுமாம். பாதி ஆவல் உன் நலத்தில், மீதி ஆவல் நீ அனுப்புவதாகச் சொன்ன பார்சலில். எது முதலில் வந்தாலும் சந்தோஷம்.

புத்தாண்டுக்கு முந்தைய நாள் விளையாட்டு இந்த ஆண்டு அமோகம். தீயணைப்புத் தலைவர் முங்க் வீட்டு வாசல் கேட்டைக் கழற்றிப் பள்ளிக் கொடிமரத்தில் ஏற்றிவிட்டோம். ஊர்வழக்கம்தானே, யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. முங்க் கோபித்துக்கொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு நிறுத்தத் தெரியாது.

அன்று சாயங்காலம் ஒரு வாளியில் ஈர வைக்கோலைப் போட்டு, நம் வீட்டு மாடிப்படிக்குக் கீழே புகைய விட்டு, "தீ! தீ!" என்று கத்தினேன். செருப்புக் கடைக்காரர் வீட்டில் நெருப்பு, சொல்லவே எவ்வளவு நன்றாக இருக்கிறது! அப்பா கடையிலிருந்து பாய்ந்து வந்தார். நேரே மச்சுக்கு ஏறினார். ஊமைப்படக் காலத்துப் போஸ்டர்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார், பனியில் வைத்தார், மறுபடி ஏறினார். வீட்டுச் செருப்போடு எத்தனை தடவை ஏறி இறங்கினார் என்று எண்ணவில்லை. நான் கடைசிப் படியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்டி இங்க வந்து உக்காந்திருக்க? வழிய விடு!" என்றார்.

வழி விட்டேன். போஸ்டர் முதலில், புத்திரி பிறகு.

புகை வாளியைக் கண்டுபிடித்தபோது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சிங்கத்தைப் பழக்கும் பெண்ணின் போஸ்டர் இருக்கிறதே, அதன் ஓரம் ஈரத்தில் கிழிந்துபோயிற்று. சரியாகச் சிங்கத்தின் வால். வாலில்லாத சிங்கமும் வாலுள்ள பெண்ணும் இப்போது ஒரே வீட்டில். அப்பா என்னோடு ஐந்து நாள் பேசவில்லை. ஆறாம் நாள், "இனிமே உன் வாயிலேர்ந்து தீங்கிற வார்த்தை வரட்டும், பாக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

இன்னொரு செய்தி. லாங்கெலாண்ட் தீவில் மூடிப்போன சினிமாக் கொட்டகையிலிருந்து அப்பா ஒரு பெரிய பெட்டி வாங்கி வந்திருக்கிறார். மேலே கல்லச்சில் அடித்த போஸ்டர்கள், படக் கையேடுகள், நடிகைகளின் அட்டைகள். கீழே துருப்பிடித்த தகர டப்பாக்கள். உள்ளே பிலிம் சுருள்களாம், அந்தக் காலத்தில் 'அடுத்த வாரம் வருகிறது' என்று ஆசைகாட்டப் போட்டவை. அப்பாவுக்குக் காகிதம்தான் வேண்டும், பிலிம் வேண்டாம். ஆனால் ஒரு பெட்டியில் சேர்ந்து வந்ததைப் பிரிக்கக் கூடாதாம். பிரித்தால் சேகரிப்பாளன் இல்லையாம், காயலான் கடைக்காரனாம். ஆகவே டப்பாக்களும் மச்சில் குடியேறிவிட்டன, என் தலைக்கு நேர் மேலே. கட்டிலுக்கு அடியில் ஏற்கெனவே கையேடுகளின் இரட்டைப் பிரதிகள். நான் நடுவில், ரொட்டிக்குள் வைத்த மீன் மாதிரி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வாலுள்ள தங்கை,
சிஸ்ஸெல்

*

டக்கார் துறைமுகம்
19 பிப்ரவரி 1976

அன்பு வாலுக்கு,

உன் கடிதம் இங்கே கப்பல் கம்பெனி ஏஜெண்டிடம் காத்திருந்தது. நான் நலம். இங்கே வெயிலில் கப்பல் தளத்தில் முட்டை பொரிக்கலாம். சமையல்காரன் நிஜமாகவே பொரித்தான், திட்டு வாங்கினான்.

புகை வாளியைப் படித்து என் அறையில் இருப்பவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் மறுபடி படித்தேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கிண்டல் இல்லாமல் பதில் எழுது. அப்பா மேலே ஓடும்போது உன் பெயரைக் கூப்பிட்டாரா?

கிண்டல் இல்லாமல் எழுதுவது உனக்கு முடியாது என்று தெரியும். போன வருஷம் 'கடை எரிந்துவிட்டது' என்று நீ எழுதி, நான் ராட்டர்டாமில் இறங்கி வீட்டுக்குப் போன் போட்டதும், அப்பா 'என்னடா எரிஞ்சிது, உருளைக்கிழங்கா?' என்று கேட்டதும் மறக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். உன் கடிதத்தில் ஒரே ஒரு கேலிகூட இல்லையென்றால்தான் அதில் இருப்பது நிஜம். இதுவரை அப்படி ஒரு கடிதம் வந்ததில்லை.

பார்சல் வரும். அப்பாவுக்கு என் வணக்கம் சொல். அவருக்குத் தனியாக எழுத எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

எஸ்கில்

*

ஸ்வென்போர்க்
14 மார்ச் 1976

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். பார்சல் வந்தது, நன்றி. நீ கேட்ட கேள்விக்கு அப்புறம் பதில் எழுதுகிறேன்.

இது கேலி இல்லாத கடிதம். முயற்சி செய்கிறேன்.

மச்சில் ஒரு நாற்றம் வருகிறது. முதலில் என் காலுறை என்று நினைத்து அப்பா என்னைத் திட்டினார். அது அழுக்குக் காலுறையும் கெட்டுப்போன புளிக்காடியும் கலந்த மாதிரி இருக்கிறது, கண்ணைக் கரிக்கிறது. மழையால் என்று நினைத்தோம். இப்போது மழை இல்லாத நாளிலும் வருகிறது, மச்சின் தரைப்பலகை இடுக்கு வழியாக என் படுக்கைக்கு இறங்குகிறது.

இரண்டாவது, பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கும் போஸ்டர்கள் ஓரத்திலிருந்து பழுப்பாகின்றன. தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்குகின்றன. அப்பா பார்த்தார். "ஈரம்டி. கடல் காத்து" என்றார். காகிதத்துக்கு ஈரம்தான் எமன் என்று அவர் எப்போதும் சொல்வாரே, அதனால் ஹீட்டரைக் கூட்டி வைத்துவிட்டார். வெளிச்சம் பட்டால் மை வெளுக்கும் என்று சன்னலில் கறுப்புத் துணி, காற்று வராமல் இடுக்கெல்லாம் செய்தித்தாள். உள்ளே போனால் ரொட்டி அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கிறது.

அவர் சூட்டைக் கூட்டக் கூட்ட நாற்றம் கூடுகிறது. நாற்றம் கூடக் கூட போஸ்டர்கள் பழுக்கின்றன. அவை பழுக்கப் பழுக்க அவர் இன்னும் சூட்டைக் கூட்டுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு டப்பாவைத் திறந்து பார்த்தேன். உள்ளே பிலிம் இல்லை, தேன் மாதிரி ஒட்டிக்கொண்ட ஒரு பொருள், மேலே பழுப்பு நுரை. மூடிவிட்டேன். விரல் மூன்று நாள் எரிந்தது. அப்பாவிடம் சொல்லவில்லை, சொன்னால் தொட்டதற்குத் திட்டுவார்.

நீ கப்பலில் எல்லாச் சரக்கும் ஏற்றுகிறாயே, இது என்னவென்று யாரிடமாவது கேட்டு எழுது.

சிஸ்ஸெல்

பி.கு: கடைசி வரை கேலி இல்லாமல் வந்துவிட்டேன் பார். ஊமைப்படம் சேர்க்கிறவருக்குக் காதும் செவிடு என்று எழுதலாமா என்று இருந்தது, எழுதவில்லை.

*

ஸ்வென்போர்க்
11 ஏப்ரல் 1976

அண்ணா,

நலமா? உன்னிடமிருந்து பதில் இல்லை. பின்குறிப்பில் கேலி வந்துவிட்டதால் நம்பவில்லையா, அல்லது கடிதம் இன்னும் உன் கப்பலைத் துரத்திக்கொண்டு திரிகிறதா? இரண்டாவது என்றே வைத்துக்கொள்கிறேன்.

நான் ஒரு காரியம் செய்தேன். சிரிக்காதே. திட்டவும் செய்யாதே.

ஏப்ரல் ஒன்றாம் தேதி காலையில் அப்பாவுக்கு ஒரு தந்தி வந்தது, கோபன்ஹேகனில் இருக்கும் ஒரு காட்சியகத்திலிருந்து. 'இன்று உங்கள் சேகரிப்பைப் பார்க்க வருகிறோம். மச்சின் சன்னல்களைத் திறந்து காற்றாட விடவும். பிலிம் டப்பாக்களை வீட்டுக்கு வெளியே வைக்கவும்.' தபால் நிலையத்தில் என் தோழி பியர்த்தேயின் அக்கா வேலை பார்க்கிறாள். மற்றதை நீயே ஊகித்துக்கொள்.

அப்பா டை கட்டிக்கொண்டார். அண்ணா, அவர் கடையை மூடிவிட்டு டை கட்டிக்கொண்டு, காப்பிக்கு வெண்ணெய் பிஸ்கட் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சன்னல்களைத் திறந்தார். டப்பாக்களை வெளியே எடுக்கக் கையை வைத்தபோதுதான் அவருக்குத் தேதி நினைவுக்கு வந்தது.

திரும்பி என்னைப் பார்த்தார். "இதுவும் உன் வேலைதானா?"

"டப்பாவை மட்டும் வெளிய வச்சிடுங்கப்பா. அவ்வளவுதான் நான் கேக்கறது."

"அந்த மனுஷங்க வருவாங்கன்னு நான் எத்தனை வருஷமா காத்துட்டிருக்கேன்னு உனக்குத் தெரியுமா?" என்றார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சன்னல்களைச் சாத்திவிட்டார். பிஸ்கட்டைத் தனியாக உட்கார்ந்து தின்றார்.

என்னால் நல்லது ஒன்று நடந்தது. பழுப்பேறாமல் மிஞ்சிய நல்ல போஸ்டர்களை எல்லாம் மச்சிலிருந்து இறக்கி, என் அறை வாசலில் இருக்கும் நீள இழுப்பறை மேஜையில் வைத்துவிட்டார், சிங்கக்காரி உட்பட. டப்பாக்கள் மேலேயே.

எழுது. சீக்கிரம் எழுது.

சிஸ்ஸெல்

*

ஸ்வென்போர்க்
9 மே 1976

அன்பு மகன் எஸ்கிலுக்கு,

கடவுள் அருளால் இங்கு எல்லோரும் நலம். உன் உடல்நலம் எப்படி? கடை பரவாயில்லை. வெயில் சீக்கிரமே வந்துவிட்டதால் கான்வாஸ் செருப்பு விற்கிறது.

உனக்கு நான் அதிகம் எழுதுகிறவன் இல்லை. உன் தங்கையைப் பற்றிக் கவலையாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். விளையாட்டு எல்லை மீறிவிட்டது. போன வாரம் மச்சிலிருந்து இரண்டு டப்பாக்களைத் திருடிக் கொல்லையில் இருக்கும் மழைநீர்ப் பீப்பாயில் போட்டிருக்கிறாள். கேட்டால் 'அண்ணன் எழுதுற வரைக்கும் தண்ணிலயே இருக்கட்டும், குளிச்சா நாத்தம் போகும்' என்கிறாள். ஐம்பது வருஷம் ஒன்றாக இருந்த பெட்டி அது. மச்சுக்கு இப்போது பூட்டுப் போட்டுவிட்டேன். சாவி என் சட்டைப்பையில்.

அங்கே ஈரத்தின் தொல்லை தீரவில்லை. எவ்வளவு சூடாக வைத்தாலும் காகிதம் பழுத்துக்கொண்டே போகிறது. எனக்கும் மேலே போய் வந்தால் தலைவலி, கண்ணில் நீர். பழைய வார்னிஷாக இருக்கலாம். வயதும்தான்.

அவளுக்கு நீ இரண்டு வரி எழுது. நீ சொன்னால் கேட்பாள். நான் சொன்னால் சிரிக்கிறாள். இந்த வீட்டில் நான் பயந்தது ஒரு தடவை போதும்.

உன் அப்பா,
ஹென்னிங்

*

வால்பரைசோ
26 மே 1976

சிஸ்,

உன் மார்ச் கடிதமும் ஏப்ரல் கடிதமும் அப்பாவின் கடிதமும் இன்று ஒன்றாகக் கைக்கு வந்தன. ஏஜெண்ட் மாறியதில் கடிதங்கள் எங்கள் கப்பலுக்கு முன்னால் ஒரு துறைமுகம், பின்னால் ஒரு துறைமுகம் என்று அலைந்திருக்கின்றன.

மார்ச் கடிதத்தைக் கப்பலின் முதல் மேட்டிடம், கேப்டனுக்கு அடுத்த அதிகாரியிடம், படித்துக் காட்டினேன். நுரை வரைக்கும் படித்தேன். அவர் பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டார். "அது எங்கடா இருக்கு?" என்றார். "எங்க வீட்டு மச்சுல. கீழ என் தங்கச்சி படுத்திருக்கா" என்றேன். அவர் அபாயச் சரக்குப் புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

பழைய சினிமாப் பிலிம் வெடிமருந்துக்குச் சகோதரி, சிஸ். நம்மை மாதிரி ஒரே வயிற்றுப் பிள்ளைகள். கப்பலில் அதை மேல்தளத்தில், வெப்பத்துக்குத் தூரமாக மட்டும்தான் வைக்கலாம். கெட்டுப்போக ஆரம்பித்தால் முதலில் நாற்றம், அப்புறம் ஒட்டல், அப்புறம் நுரை, கடைசியில் பழுப்புப் பொடி. அந்த நிலைக்கு வந்ததைப் பற்றவைக்கத் தீக்குச்சி வேண்டாம், கோடை வெயில் போதும். பற்றினால் தண்ணீர் அணைக்காது, மண் அணைக்காது. தனக்கு வேண்டிய காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். புகை மஞ்சளாக வரும். அந்தப் புகையை மூச்சில் இழுத்தவர்கள் அன்று நன்றாக நடமாடிவிட்டு மறுநாள் விழுவார்களாம்.

உன் போஸ்டர்களைப் பழுக்க வைத்தது ஈரம் இல்லை, அந்த ஆவி. காகிதத்துக்கு நல்லதென்று அப்பா செய்கிற ஒவ்வொன்றும் பிலிமுக்கு நேர் எதிர்.

போன் லைன் கிடைக்கவில்லை. அப்பாவுக்குத் தந்தி அடித்துவிட்டேன், 'டப்பாக்களை இன்றே வெளியேற்றவும், உயிருக்கு ஆபத்து, எஸ்கில்' என்று. பீப்பாயில் போட்டது சரி. தண்ணீரிலேயே இருக்கட்டும். மற்றவற்றை நீ தொடாதே, திறக்காதே, ஆட்டாதே. உன் படுக்கையைக் கீழே கடைக்கு மாற்று. இன்றே மாற்று.

பிப்ரவரியில் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. பரவாயில்லை.

எஸ்கில்

*

ஸ்வென்போர்க்
21 ஜூன் 1976

அன்புள்ள அண்ணா,

நலம் என்று எழுதுகிறேன், வேறு சொல் கிடைக்கவில்லை.

உன் தந்தி வந்தது. பியர்த்தேயின் அக்காதான் கொண்டுவந்து கொடுத்தாள். அப்பா அவளைப் பார்த்தார், தந்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுப்பில் போட்டார்.

"அண்ணன்தான்ப்பா அனுப்பிச்சான்! நிஜமா!"

"ஏப்ரல்ல காட்சியகம் அனுப்பிச்சுது. மே மாசம் அண்ணன் அனுப்பிச்சானா? அடுத்த மாசம் யாரு, போப்பாண்டவரா?"

என்னை விட நன்றாகக் கேலி செய்கிறார். நான்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. அதைக் காட்டினேன். பாதி படித்துவிட்டு, "இவனுக்கும் உன் புத்தி ஒட்டிக்கிச்சு" என்றார். ஆனால் அன்று சாயங்காலம் மச்சுப் படியில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார். ஏறவில்லை. ஹீட்டரை அணைத்துவிட்டதாகச் சொன்னார். இப்போது அணைத்து என்ன பயன், வெளியே வெயில் அதை விட மோசம். தார்க்கூரை மத்தியானத்தில் உருகி வாசலில் சொட்டுகிறது. படுக்கையைக் கீழே மாற்றவும் விடவில்லை. பீப்பாய் வேலைக்குத் தண்டனை, பள்ளி விட்டால் என் அறை. படுத்தால் தலைக்கு மேலே தகரம் 'டிக்' என்று சத்தம் போடுகிறது. மூடி உப்புகிறது என்று நினைக்கிறேன். ஒரு 'டிக்'குக்கும் அடுத்த 'டிக்'குக்கும் நடுவில் நான் மூச்சு விடுவதில்லை.

நாளை மறுநாள் சாங்க்ட் ஹான்ஸ் மாலை, நடுக்கோடைத் திருவிழா. கடற்கரையில் சொக்கப்பனை. எல்லா ஆண்டும் போல அதன் உச்சியில் வைக்கும் சூனியக்காரி பொம்மையை நான்தான் செய்தேன். வைக்கோல் உடம்பு, டர்னிப் கிழங்குத் தலை. எனக்குப் போக அனுமதி இல்லை. அதனால் இரண்டு பொம்மை செய்திருக்கிறேன். ஒன்று கடற்கரைக்கு, இன்னொன்று என் கட்டிலுக்கு. என் கம்பளித் தொப்பி, என் இரவுச்சட்டை. போர்வையை இழுத்து மூடினால் நானே ஏமாந்துவிடுவேன்.

வேடிக்கை பார்க்கப் போகவில்லை, அண்ணா. தீயணைப்புக்காரர்கள் அத்தனை பேரும் அன்று அங்கேதான் நிற்பார்கள். முங்க்கிடம் நேரில் சொல்லப் போகிறேன். அவர் தனியாகக் கடைக்கு வந்தால் அப்பா திருப்பி அனுப்பிவிடுவார், அத்தனை பேரும் வந்தால் முடியாது. கேட்டை ஏற்றியவள் சொன்னால் அவர் நம்புவாரா தெரியாது. வேறு யாரும் இல்லை.

வேண்டிக்கொள்.

சிஸ்ஸெல்

*

ஸ்வென்போர்க் மருத்துவமனை
26 ஜூன் 1976

அன்புள்ள அண்ணா,

வீடு எரிந்துவிட்டது. நான் நன்றாக இருக்கிறேன். அப்பா இங்கே இருக்கிறார். இரண்டு கைகளிலும் தீக்காயம். நெஞ்சுக்குள் புகை போயிருக்கிறது. முதல் நாள் பேசினார். மறுநாளிலிருந்து பேசவில்லை. பொறுத்துத்தான் சொல்ல முடியும் என்கிறார்கள்.

நீ இருந்தால் நன்றாக இருக்கும்.

சிஸ்ஸெல்

*

பனாமா
6 ஜூலை 1976

என் சிஸ்,

உன் கடிதத்தை எஞ்சின் அறை விளக்கில் படித்தேன். மேலே கொண்டுபோய் வெளிச்சத்தில் படித்தேன். திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று. உறைக்குள்ளும் பார்த்தேன்.

ஒரு கேலிகூட இல்லை.

இந்த விதியை வைத்தவன் முட்டாள். ஒரு மோசமான கேலியை எழுதி அனுப்பு, சிஸ், எவ்வளவு மட்டமாக இருந்தாலும் சரி. அப்பா எப்படி இருக்கிறார் என்று எழுத உனக்குப் பயமாக இருந்தால் அதை மட்டும் எழுது, நான் புரிந்துகொள்வேன். முதல் மேட் என் சம்பளக் கணக்கை முடித்துக்கொடுத்துவிட்டார். அடுத்து ஐரோப்பா போகும் கப்பலில் ஏறுகிறேன். ஹாம்பர்க்கில் ஏஜெண்டிடம் உன் கடிதம் இருக்க வேண்டும். இல்லையென்றால் நான் ரயில் ஏறமாட்டேன், ஏறப் பயப்படுவேன்.

அப்பாவுக்கு நான் பதில் எழுதவே இல்லை. மே மாதக் கடிதத்துக்கு.

எஸ்கில்

*

ஸ்வென்போர்க்
18 ஜூலை 1976

ஹாம்பர்க்கில் இறங்கிப் பயந்துகொண்டு நிற்கும் அண்ணனுக்கு,

முதலில் ரயில் டிக்கெட் எடு. பிறகு மேலே படி. அப்பா பிழைத்துவிட்டார்.

எடுத்துவிட்டாயா? சரி.

அன்று மாலை அப்பா கொல்லையில் பீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் பொம்மையைப் படுக்க வைத்துவிட்டு, சலவை அறைக் கூரை வழியாக இறங்கி ஓடினேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. கடற்கரையில் ஊரே பாடிக்கொண்டிருந்தது. சொக்கப்பனை உச்சியில் என் சூனியக்காரி எரிந்துகொண்டிருந்தாள். முங்க் குழாய் வண்டியில் சாய்ந்துகொண்டு சாஸேஜ் தின்றார்.

"முங்க் மாமா, எங்க வீட்டு மச்சுல பழைய பிலிம் இருக்கு. கெட்டுப்போயிடுச்சு. பத்திக்கும். தயவுசெஞ்சு வாங்க."

"அடுத்த புத்தாண்டுக்கு இன்னும் ஆறு மாசம் கிடக்கு. போடி, போய்ப் பாட்டுப் பாடு."

"உங்க கேட்டுக்குப் பெயிண்ட் அடிச்சுத் தரேன். உங்க வீட்டுப் புல்லு வெட்டுறேன். எது வேணா செய்யறேன், வாங்க."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "என்னடி, அழறியா?"

அப்போது பின்னால் யாரோ சிரித்துக்கொண்டே சொன்னார்கள். "அங்க பாரு, மேட்டுத் தெருவுல யாரோ தனியா சொக்கப்பனை கொளுத்துறாங்க!"

புகை மஞ்சளாக இருந்தது.

நான் ஓடியது நினைவில்லை. தெருமுனைக்கு வந்தபோது கூரை ஏற்கெனவே திறந்துகொண்டிருந்தது. அது எரிகிற சத்தம் தீ மாதிரி இல்லை, அண்ணா, ரயில் மாதிரி. அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது. "சிஸ்ஸெல்! சிஸ்ஸெல்! எந்திரிடி!" நான் வாசலில் நின்று "இங்க இருக்கேன்ப்பா!" என்று கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. பேக்கரிக்காரர் என் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டார், நான் அவர் கையைக் கடித்தேன். உள்ளே என் பெயர் கேட்டுக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி கேட்டது. மறுபடி நின்றபோது பேக்கரிக்காரரின் பிடி தளர்ந்தது. அவரும் முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்.

என் அறை வாசலில்தான் அந்த நீள இழுப்பறை மேஜை. நல்ல போஸ்டர்கள் அத்தனையும் அதில். அதைத் தாண்டாமல் என் கதவைத் திறக்க முடியாது, அது உனக்கே தெரியும். கதவின் பிடி சூட்டில் பழுத்திருந்திருக்கிறது. அதில்தான் அவர் கைகள் போயின.

வெளியே வந்தார். என் போர்வை மூட்டையை நெஞ்சோடு அணைத்திருந்தார். வேறு ஒன்றும் அவர் கையில் இல்லை. பக்கத்து வீட்டுப் புல்லில் உட்கார்ந்து, மூட்டையை மடியில் கிடத்தி, வெந்துபோன கையால் போர்வையை விலக்கினார். என் கம்பளித் தொப்பிக்குள்ளிருந்து டர்னிப் கிழங்கு அவரைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பை வரைந்தவள் நான்.

அவர் நிமிர்ந்தார். நான் எதிரில் நின்றேன். என்னைப் பார்த்தார், கிழங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீன்னு நினைச்சேன்டி" என்றார். அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் என் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தார், வைக்கோலா என்று பார்ப்பது போல. அப்படியே சாய்ந்துவிட்டார்.

முங்க்கின் ஆட்கள் தண்ணீர் பீய்ச்சினார்கள். நீ எழுதியது போலவே அது கேட்கவில்லை. பக்கத்து வீடுகளை நனைத்துக் காப்பாற்றியதே பெரிது. மஞ்சள் புகை உள்ளே போனது என்று சொல்லி, முங்க்கிடம் காட்ட எடுத்துப் போயிருந்த உன் கடிதத்தை டாக்டரிடம் காட்டினேன், மறுநாள் விழுவார்கள் என்று எழுதியிருந்தாயே, அதை. அதனால்தான் அவரைக் கட்டுப் போட்டு அனுப்பிவிடாமல் வைத்துக்கொண்டார்கள். மறுநாள் விழத்தான் செய்தார். படுக்கையிலேயே விழுந்ததால் எழுந்தார்.

போஸ்டர்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. சிங்கக்காரி போய்விட்டாள். லாங்கெலாண்ட் பெட்டியில் பீப்பாய்க்குள் இருந்த இரண்டு டப்பாக்கள் மட்டும் பாக்கி, அவற்றையும் முங்க் வயலுக்குக் கொண்டுபோய்விட்டார். இதை நான் அப்பாவிடம் மூன்று வாரம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. நான் கட்டிலோரம் உட்கார்ந்து அவருக்குச் சூப் ஊட்டுவேன், அவர் சுவரைப் பார்த்துக் குடிப்பார்.

நேற்று சொன்னேன். போஸ்டர் ஒன்றும் இல்லை என்றேன். தலையை ஆட்டினார். பிறகு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்பா, அந்தப் பொம்மை ரொம்பக் கனமா இருந்துதா?"

"உன்ன மாதிரியே இருந்துது." குரல் இன்னும் காற்றாகத்தான் வருகிறது.

"வைக்கோல் ஒரு பொம்மைக்குத்தான் பத்துச்சு. அதனால..."

"அதனால?"

"கட்டிலுக்கு அடியில உங்க இரட்டைப் பிரதி இருந்துதே. அத்தனை கையேடும் அவ வயித்துக்குள்ளதான். ஒரு ஓரம்கூடக் கருகல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். போர்வை நடுங்கியது. நான் பயந்து நர்ஸைக் கூப்பிட எழுந்தேன். பார்த்தால் சிரிக்கிறார்.

"அப்பக்கூடச் சேகரிப்பத்தான் தூக்கிட்டு வந்திருக்கேனா?"

"ஆமா. பழக்க தோஷம்."

"சிரிச்சா நெஞ்சு வலிக்குது. போடி வாலு."

போகவில்லை. அவர் தூங்கும்வரை இருந்தேன். அவர் தூங்கினால் இப்போதும் நான் மூச்சை எண்ணுகிறேன், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் அந்த 'டிக்' கேட்கிற மாதிரி இருக்கிறது. அது போக நாளாகும்.

நான் இப்போது பேக்கரிக்காரர் மாடியில் இருக்கிறேன், என் பல் தடம் இன்னும் அவர் கையில் இருந்தும். உனக்கும் ஒரு கட்டில் போட்டிருக்கிறது, அடியில் ஒன்றும் இல்லை. நேரே வா.

பிப்ரவரியில் நீ கேட்டதற்குப் பதில். புத்தாண்டில் கூப்பிடவில்லை, அண்ணா. ஒரு தடவைகூட இல்லை. நான் அந்தப் படியில் உட்கார்ந்து அதற்காகத்தான் காத்திருந்தேன், ஆரஞ்சு உரிப்பதற்காக இல்லை.

இப்போது அப்பாவுக்குக் குரல் போனதற்குப் புகைதான் காரணம் என்கிறார் டாக்டர். டாக்டர் அன்று எங்கள் தெருவில் இல்லை.

இப்படிக்கு,
முதலில் தூக்கப்பட்ட பொருள்,
சிஸ்ஸெல்